காஞ்சி பாட ஒரு கேமரா

ஹைதராபாத்தில், ஹுசேன் சாகர் ஏரிக்கு இந்தப் பக்கம் பஞ்சாரா ஹில்ஸ், ஜூப்ளி ஹில்ஸ். ஸ்டுடியோக்களும் எடிட்டிங் அறைகளும் நட்சத்திரங்களின் உயர்ந்த கேட்டுகளும் இங்கேதான். வடக்கே போனால் செகந்திராபாத். திருமலகிரி, பொலாரம் என்று கண்டோன்மெண்ட் தொடங்கிவிடும். சாலையோரச் சுவர்களில் ரெஜிமெண்டுகளின் சின்னங்கள், வரிசை பிசகாத மரங்கள், ராணுவ ஆஸ்பத்திரி. பழைய மதராஸ் பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் தலைமுறைகளாக இருக்கின்றன. ஆஷாட மாதத்தில் செகந்திராபாத் உஜ்ஜயினி மகாகாளிக்கு எடுக்கும் போனாலு திருவிழாவின் கதையிலும் ஒரு பட்டாளத்துக்காரர்தான் வருகிறார். 1813-இல் இங்கிருந்து உஜ்ஜயினிக்கு மாற்றலாகிப் போன ஒருவர், சொந்த ஊரில் கொள்ளைநோய் என்று கேட்டு அங்கிருந்த காளியிடம் வேண்டிக்கொண்டாராம். ஊர் பிழைத்தது. திரும்பி வந்ததும் அம்மனுக்கு இங்கே ஒரு சிலை வைத்தார் என்பது ஐதீகம்.

ஹைதராபாத் இப்படி ஓர் இரட்டை ஊர். ஒரு கரையில் துக்கத்தைப் படமாக எடுக்கிறார்கள், மறு கரையில் அதோடு குடித்தனம் நடத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை தூரம் என்பது 2022 ஜூனில் தெரிந்தது. ஜூன் 3, வெள்ளிக்கிழமை, ‘மேஜர்’ வெளியானது. 2008 மும்பைத் தாக்குதலில் உயிரிழந்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனின் கதை. தியேட்டர்களில் எழுந்து நின்று கைதட்டினார்கள். சரியாகப் பதினான்காம் நாள், ஜூன் 17, அதுவும் வெள்ளிக்கிழமை. நான்கு வருட ‘அக்னிபத்’ ராணுவ வேலையை எதிர்த்துப் பட்டாளத்தில் சேரக் காத்திருந்த இளைஞர்கள் செகந்திராபாத் ரயில் நிலையத்துக்குள் புகுந்தார்கள். ரயில் பெட்டிகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் செத்துப்போனார். அதே ஊர், அதே மாதம், ஏறக்குறைய அதே வயதுப் பையன்கள்.

இந்தப் பின்னணி இல்லாமல் ‘மேஜர்’ படத்தை என்னால் ரசிக்க முடிவதில்லை. இதை வைத்துக்கொண்டு அதைக் குறைத்துப் பேசவும் மனம் வரவில்லை, ஏனென்றால் அது நல்ல படம். எழுதி நடித்தவர் அடிவி சேஷ். இயக்கியவர் சசி கிரண் திக்கா. இருவரும் அதற்கு முன் ‘கூடச்சாரி’யில் சேர்ந்து வேலை செய்தவர்கள், த்ரில்லர் நடை கைவந்தவர்கள். 2008 நவம்பரில் அமெரிக்காவில் இருந்தபோது தொலைக்காட்சியில் சந்தீப்பின் படத்தைப் பார்த்ததாகவும், தன் அண்ணனைப் போன்ற முகமாக இருந்ததே என்று அது மனதில் தங்கிவிட்டதாகவும் சேஷ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பத்து வருடத்துக்கு மேல் ஒரு முகத்தைச் சுமந்து திரிந்துவிட்டு, கடைசியில் பெங்களூருக்குப் போய் அந்தப் பெற்றோரின் கதவைத் தட்டினார். மகனைப் பறிகொடுத்த வீட்டில் ஒரு சினிமாக்காரனுக்கு எப்படிப்பட்ட வரவேற்பு இருந்திருக்கும்? எடுத்த எடுப்பில் அவர்கள் நம்பவில்லை. நம்பும்வரை போய்க்கொண்டிருந்தார். படத்தின் முதல் கைவேலை இந்தக் காத்திருப்புதான் என்று நினைக்கிறேன். அது திரையில் தெரிகிறது.

எப்படித் தெரிகிறது என்றால், படம் தாக்குதல் நடந்த தாஜ் ஹோட்டலின் படமாக ஆகிவிடவில்லை. கலை இயக்குநர் அவினாஷ் கொல்லா தாஜின் உள்ளறைகளையும் மாடங்களையும் செட்டாக எழுப்பியிருக்கிறார், வம்சி பச்சிபுலுசுவின் கேமரா அங்கே புகையிலும் கண்ணாடித் தூளிலும் புகுந்து புறப்படுகிறது. அதெல்லாம் உயர்தரமான வேலை. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது பெங்களூர் வீட்டுக் காட்சிகளை. அப்பாவாகப் பிரகாஷ் ராஜ், அம்மாவாக ரேவதி. அப்பாவின் பேச்சுதான் படத்தைக் கோத்துக் கட்டும் நூல். பிரகாஷ் ராஜ் குரலை உயர்த்தி ஜெயித்த நடிகர். இங்கே குரலைப் பிடித்து வைத்திருக்கிறார். பேச்சு தழுதழுக்கப் போகிறது என்று நாம் கைக்குட்டையைத் தேடும்போது ஒரு நொடி நிறுத்திவிட்டு சாதாரணமாகத் தொடர்கிறார். இஸ்ரோவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர் அப்படித்தான் பேசுவார். ரேவதியைப் பற்றித் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கும்போது அவர் கைகள் என்ன செய்கின்றன என்று மட்டும் பாருங்கள்.

குறைகளும் உண்டு. காதல் பகுதி வழக்கமான அச்சில் வார்த்தது. மெதுவோட்டக் காட்சிகளைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஆனாலும் ராணுவ வீரனின் மனைவி தனிமையில் வெந்து கேட்கும் கேள்விக்கு அந்தப் படம் ஓடி ஒளியவில்லை. நாட்டுக்குக் காவல் நிற்பவன் வீட்டில் இல்லையே என்ற கேள்வி அது. தேசபக்திப் படங்கள் பொதுவாக அந்த இடத்தில் பாட்டைப் போட்டுவிடும்.

சந்தீப்பின் மெய்யான அப்பா செய்த ஒரு காரியம் எந்தப் படத்திலும் அடங்காதது. உன்னிகிருஷ்ணன் 2012-இல் டெல்லி இந்தியா கேட்டிலிருந்து மும்பை கேட்வே ஆஃப் இந்தியா வரை மகன் நினைவாக சைக்கிள் மிதித்தார். ஓய்வுபெற்ற ஒரு மனிதர், சைக்கிள், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சாலை. துக்கத்துக்கு உடம்பில் ஒரு வேலை கொடுத்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சினிமாவையே அப்படி ஒரு வேலையாகச் செய்தவர் கொல்லபூடி மாருதி ராவ். தெலுங்கு நாடக ஆசிரியர், ஹைதராபாத் வானொலியில் வேலை பார்த்தவர், அன்னபூர்ணா நிறுவனத்தின் ‘டாக்டர் சக்கரவர்த்தி’க்குத் திரைக்கதை எழுதித் திரைக்குள் வந்தவர், பிறகு நடிகர். பல வருடம் நம் சென்னைவாசி. 1962-இல் சீனப் படையெடுப்பின்போது சித்தூரில் சக கலைஞர்களோடு சேர்ந்து ‘வந்தே மாதரம்’ என்ற நாடகத்தைப் போட்டு, வசூலைப் பிரதமரின் நிதிக்கு அனுப்பியவர். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது.

அவருடைய மகன் ஸ்ரீநிவாஸ் முதல் படத்தை இயக்கத் தொடங்கினார். ‘பிரேம புஸ்தகம்’. கதாநாயகன் நம் அஜித். அவர் நடித்த ஒரே நேரடித் தெலுங்குப் படம் அது. 1992 ஆகஸ்ட் 12 அன்று விசாகப்பட்டினக் கடற்கரையில் படப்பிடிப்பில் இருந்தபோது அலை ஒன்று ஸ்ரீநிவாஸை இழுத்துக்கொண்டு போய்விட்டது. படம் பாதியில் நின்றது.

அப்பா அதை எடுத்து முடித்தார்.

இந்த நான்கு சொற்களை எழுதுவது சுலபம். சினிமாவில் வேலை செய்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும். பாதிப் படத்தை முடிப்பது என்றால் மகன் எடுத்த துண்டுகளைத் திரும்பத் திரும்ப மூவியோலாவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கிளாப் போர்டில் இயக்குநர் என்று மகன் பெயர் இருக்கும். ஷாட் தொடங்குமுன் ‘ஆக்‌ஷன்’ என்றும் முடிந்ததும் ‘கட்’ என்றும் ஒலிநாடாவில் ஒரு குரல் வரும். அந்தக் குரலை வெட்டி எறிந்தால்தான் காட்சி காட்சியாகும். எத்தனை முறை வெட்டியிருப்பார்! எந்த ஷாட் மகனுடையது, எந்த ஷாட் அப்பாவுடையது என்று தையல் தடத்தைத் தேடிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இந்தப் படத்தில் தேடித் தோற்றேன். இரண்டு தலைமுறையின் கை ஒரே துணியில் ஓடியிருக்கிறது. படமாக அது பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். இளமையும் அவசரமும் கலந்த ஒரு முதல் படம்தான். 1993-இல் வெளிவந்தது. முதல்பட இயக்குநருக்கான நந்தி விருதை ஆந்திர அரசு ஸ்ரீநிவாஸ் பெயருக்குக் கொடுத்தது.

அதோடு முடிக்கவில்லை மாருதி ராவ். மகன் பெயரில் தேசிய விருது ஒன்றை ஏற்படுத்தினார். இந்தியாவின் எந்த மொழியிலும் முதல் படம் எடுக்கும் இயக்குநருக்கு. வருடா வருடம் ஆகஸ்ட் 12 அன்று சென்னையில் கொடுத்துவந்தார்கள். ‘தாரே ஜமீன் பர்’ படத்துக்காக ஆமிர் கான் வந்து வாங்கிக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் இது திதி. எள்ளும் தண்ணீரும் இறைக்கும் இடத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் முதல் படத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாராட்டினார். மகன் பெயரில் யார் யாரோ இயக்குநர் ஆனார்கள். 2019 டிசம்பரில் மாருதி ராவ் காலமானார்.

‘மேஜர்’ படத்தையும் ‘பிரேம புஸ்தக’த்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், துக்கத்தைப் பற்றிப் படம் எடுப்பதும் துக்கத்தோடு படம் எடுப்பதும் வேறு வேறு கலைகள் என்று புரிகிறது. நம் ‘அமரன்’ (2024) முதல் வகையில் மிகத் தேர்ச்சியானது. மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை ராஜ்குமார் பெரியசாமி அவர் மனைவி இந்துவின் குரலில் சொல்ல வைத்தது சரியான முடிவு. சாய் பல்லவி அந்தப் படத்தைத் தூக்கிச் சுமக்கிறார். அதற்கு மூன்று வருடம் முன்பே கார்கில் வீரர் விக்ரம் பத்ராவின் கதையை ‘ஷேர்ஷா’ என்று இந்தியில் எடுத்தவரும் நம் விஷ்ணுவர்தன்தான். தென்னாட்டுக்காரர்கள் இந்த வகையில் கைதேர்ந்துவிட்டோம்.

கைதேர்ந்ததில் வியப்பில்லை. நாம் நடுகல் எடுத்த பரம்பரை. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீரில் இட்டு, நட்டு, பெயர் பொறித்து, வாழ்த்துவது வரை படிப்படியாக இலக்கணம் வகுத்திருக்கிறது தொல்காப்பியம். தெலுங்கு நாட்டிலும் வீரகல் உண்டு. செத்தவனுக்குக் கல், இப்போது சினிமா. கல்வான் மோதலில் 2020 ஜூன் 15 அன்று உயிரிழந்த கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு, அவர் ஊரான சூர்யாபேட்டையில் மறு வருடம் அதே தேதியில் சிலை திறந்தார்கள். ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா போகிற வழி, நின்று பார்க்கலாம்.

ஆனால் தொல்காப்பியர் இன்னொரு துறையும் சொல்லியிருக்கிறாரே! தொடாக்காஞ்சி. போரில் புண்பட்டு வீட்டுக்கு வந்தவனைப் பேய் தீண்டாமல் மனைவி காத்துக் கிடப்பது. அந்தக் காட்சியைப் புறநானூற்று 281-ஆம் பாட்டில் அரிசில் கிழார் எடுத்திருக்கிறார். எடுத்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும், அது ஒரு ஷாட் பட்டியல். வீட்டு இறவானத்தில் இரவத் தழையும் வேப்பிலையும் செருகியிருக்கிறது. யாழும் வேறு வாத்தியங்களும் ஒலிக்கின்றன. பெண்கள் கையை மெல்ல அசைத்து மை பூசுகிறார்கள், வெண்கடுகைச் சிதறுகிறார்கள், ஆம்பல் குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள், வீடு முழுக்க நறும்புகை. எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கடைசியில்தான் கேமரா அந்த மனிதனிடம் போகிறது. அப்போதும் முகத்துக்கு அல்ல, புண்ணுக்கு. வா தோழி, அதைக் காப்போம் என்று முடிகிறது. தலைவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மருந்து, இசை, வாசனை, கூட இருப்பது. காயம்பட்டவனைப் பராமரிப்பது ஒரு வீட்டுக் காரியம், ஒரு ஊர்க் காரியம், ஒரு கலைக் காரியம் என்று அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

தாஜில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். குண்டடிபட்ட தோழரை முதலில் வெளியேற்ற ஏற்பாடு செய்துவிட்டுத்தான் சந்தீப் தனியாக மேலே போனார். தன்னைக் காட்டிலும் முன்பாக அவர் காத்தது ஒரு புண்ணை. நம் படங்கள் எல்லாமே அந்த இடத்தில் மேலே போகிறவனின் பின்னால் ஓடுகின்றன. ஸ்ட்ரெச்சரில் போகிறவன் ஃபிரேமை விட்டுப் போனால் கதையை விட்டே போகிறான். அவனுக்குக் கிளைமாக்ஸ் இல்லை. முப்பது நாற்பது வருடம் பிசியோதெரபி, படுக்கைப் புண், பென்ஷன் ஆபீஸ் படிக்கட்டு. இதை எப்படி இரண்டரை மணி நேரத்தில் எடுப்பது என்று தயாரிப்பாளர் கேட்பார்.

நானும் சின்ன வயதில் அந்தத் தயாரிப்பாளராகத்தான் இருந்தேன். எங்கள் தெருவில் எழுபத்தொன்று போரில் கால் போன ஹவில்தார் ஒருவர் இருந்தார். பையன்கள் போய் அவரைச் சூழ்ந்துகொண்டு பாகிஸ்தான் டாங்கி எவ்வளவு பெரிசு மாமா என்று கேட்போம். சலிக்காமல் சொல்வார். குளிக்கும்போது வழுக்கினால் என்ன செய்வீர்கள் என்று எங்களில் ஒருவன்கூடக் கேட்டதில்லை. சாயங்காலம் கட்டைக் காலைக் கழற்றிவைத்துவிட்டு அவர் மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதைத் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அம்மா எதையாவது முணுமுணுத்துக்கொண்டே ஒற்றுவார். பாட்டா, வசவா என்று இன்றும் தெரியாது.

புண் காக்கும் ஏற்பாடுகள் நாட்டில் இல்லாமல் இல்லை. புனே அருகே கிர்க்கியில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974-இலிருந்து நடக்கிறது. அங்கே கை விளங்காதவர்கள் வாயில் தூரிகையைக் கவ்விப் படம் வரைகிறார்கள். மொஹாலியில் இன்னொன்று உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்துக்குமான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது; பாலிகிளினிக்கில் சீட்டு வாங்கிக்கொண்டு பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரி, பழைய பில் வரவில்லை என்று கைவிரிப்பதும் நடக்கிறது. எண்பது வயதில் அந்த கவுன்டருக்கும் இந்த கவுன்டருக்கும் நடப்பவர் ஒரு காலத்தில் சியாச்சினில் நடந்தவராக இருக்கலாம். அக்னிபத்தில் நான்கு வருடம் முடித்து வெளியே வரும் அக்னிவீரருக்கோ பென்ஷனும் இல்லை, இந்த மருத்துவத் திட்டமும் இல்லை. செகந்திராபாத் ஸ்டேஷனில் பையன்கள் கத்தியதை நான் நியாயம் என்று சொல்ல வரவில்லை. ரயிலை எரிப்பது நியாயமாகாது. ஆனால் அவர்கள் கேட்டது வீரமரணத்துக்குப் பிறகான கைதட்டலை அல்ல. உயிரோடு திரும்பி வந்தால் என்ன தருவீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

இதைப் படமாக எடுக்க முடியாது என்பதும் பொய். கபீர் கான் 1999-இல் ‘தி ஃபர்காட்டன் ஆர்மி’ என்ற ஆவணப்படம் எடுத்தார். இந்திய தேசிய ராணுவத்தின் கேப்டன் லட்சுமியையும் குர்பக்ஷ் சிங் தில்லானையும் கூட்டிக்கொண்டு, அவர்கள் படை நடந்த பாதையில் சிங்கப்பூரிலிருந்து மறுபடி பயணம் போனார். முதியவர்கள் நடப்பதையும் நிற்பதையும் நினைத்துக்கொள்வதையும் பொறுமையாகப் பார்க்கும் கண் அவருக்கு அங்கே வாய்த்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் கழித்து, 2024 ஜூனில், ‘சந்து சாம்பியன்’ எடுத்தார்.

அதன் நாயகன் முரளிகாந்த் பேட்கர் நம் செகந்திராபாத் பட்டாளத்துப் பிள்ளை. மகாராஷ்டிரத்துக்காரர், ஆனால் இ.எம்.இ. படைப்பிரிவில் செகந்திராபாத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். 1965 போரில் உடம்பில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனது. கை மிச்சம் இருந்தது, நீந்தினார். 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்ஸில் 50 மீட்டரை 37.33 வினாடியில் கடந்து தங்கம் வாங்கினார். ஒலிம்பிக்ஸோ பாராலிம்பிக்ஸோ, தனிநபராக இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் தங்கம் அது.

படத்தில் ஒரே ஷாட்டில் ஓடும் நீண்ட போர்க் காட்சிக்குத்தான் விளம்பரம் அதிகம். எனக்கு அதைவிட ஆஸ்பத்திரி வார்டு பிடித்தது. கார்த்திக் ஆர்யன் கட்டிலில் கிடக்கிறார், ராஜ்பால் யாதவ் வார்டு ஊழியராக வந்து சளசளவென்று பேசுகிறார். அரிசில் கிழாரின் வீட்டில் யாழும் மணியும் செய்ததை இங்கே அந்தப் பேச்சு செய்கிறது. புண்பட்டவனைத் தனியாக விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். கேமரா அவசரப்படாமல் கட்டிலின் உயரத்துக்கு இறங்கி நிற்கிறது. இந்த வார்டில் இன்னும் அரை மணி நேரம் இருந்திருக்கலாம். கபீர் கானுக்கும் பதக்கத்துக்கு ஓடும் அவசரம் வந்துவிட்டது. பெரியவரான பேட்கர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, எனக்கு அர்ஜுனா விருது கொடுக்காததற்கு ஜனாதிபதிகள் மேல் புகார் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்வதுதான் படத்தின் தொடக்கம். தியேட்டரில் சிரித்தார்கள்.

விருது 2025 ஜனவரி 17 அன்று வந்தது. ஹைடல்பர்க் தங்கத்துக்கு ஐம்பத்து மூன்றாம் வருடம், படம் வெளிவந்து ஏழாம் மாதம். அப்போது முரளிகாந்த் பேட்கருக்கு வயது 80.